கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். கையில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் வருகிறார். "தம்பி, அந்த வண்டியில என்ன ஊர் போட்டிருக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்கிறார். நீங்கள் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "பவானி போறதுங்க" என்கிறீர்கள். அவர் ஏறிப் போய்விடுகிறார். மொத்தம் ஐந்து நொடி வேலை. அடுத்த நிமிடம் அவர் முகம்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால், அவர் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்த வார 'வலையில் சிக்கியவை' பகுதிக்காக வழக்கம்போல விநோதங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காபி குடுவை, ஒரு மீன், ஒரு பச்சை வெளிச்சம், ஒரு மரம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சமாசாரங்கள் சிக்கின. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தப் பெரியவர் கேட்ட அதே வாக்கியம். யாரோ ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரிடம், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

எதுவும் ஃபார்வேர்டு மெசேஜ் கிடையாது. எல்லாம் நிஜமாக நடந்தவை. கடைசியில் என் பங்குக்கு ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. அம்மா இந்தப் பகுதியை வாராவாரம் தவறாமல் படிப்பார் என்பதால், அதை எழுதுவதற்குள் கை நடுங்கிவிட்டது. முதலில் காபி குடித்துவிட்டு வருவோம்.

குடுவையில் காபி இருக்கா?

1991. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி ஆய்வுக்கூடம். அங்கே 'ட்ரோஜன் ரூம்' என்று ஓர் அறை. அதற்கு வெளியே நடைபாதையில் ஒரு காபி மெஷின். ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குப் பிரச்னை இல்லை, வாசனை வந்ததும் ஓடிவிடுவார்கள். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். படி ஏறி இறங்கி, கப்பை நீட்டிக்கொண்டு வந்து பார்த்தால் குடுவை காலி!

க்வென்டின் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பழைய கேமராவைக் குடுவைக்கு எதிரே மாட்டி, அதை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அது எடுக்கும் படம் எல்லோருடைய கம்ப்யூட்டர் திரையிலும் ஓர் ஓரத்தில் சின்னதாகத் தெரியும். 128 x 128 பிக்ஸல். இப்போது உங்கள் வாட்ஸ்அப் டிபிகூட இதைவிடப் பெரிது. நிமிடத்துக்கு மூன்று முறைதான் படம் மாறும், அதுவும் கறுப்பு வெள்ளையில். காபியும் கிட்டத்தட்ட அந்த நிறத்தில்தான் இருந்தது என்பதால் அதொன்றும் குறையாகத் தெரியவில்லை என்று ஃப்ரேசரே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

1993 நவம்பரில் அதே ஆய்வுக்கூடத்தினர் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். அப்போது இணையத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. ஆக, உலகமே காபி குடுவையைப் பார்க்க ஆரம்பித்தது. ஜப்பானில் இருந்து, "எங்களுக்குப் பகலாக இருக்கும்போது உங்களுக்கு ராத்திரி. குடுவை தெரிய மாட்டேன் என்கிறது. ஒரு விளக்கைப் போட்டு வைக்க முடியுமா?" என்கிற மாதிரி மெயில் வந்ததாம். அந்தக் காபியை அவர்கள் குடிக்கப் போவதே இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டும்!

இன்றைக்கு வீட்டு வாசல் கேமராவில் ஆரம்பித்து வீடியோ கால் வரை எல்லாவற்றுக்கும் முன்னோடியாக, உலகின் முதல் வெப்கேம் என்று சொல்லப்படுவது இதுதான். ஆய்வுக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்திவிட்டார்கள். குடுவையை ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் 'ஸ்பீகல்' பத்திரிகையின் ஆன்லைன் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது. பழுதாகிக் கிடந்த மெஷினை, அதைத் தயாரித்த கம்பெனியே சரிசெய்து கொடுத்தது. இப்போது அது ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. உலகின் முதல் வெப்கேம் எந்தத் திருடனையும் பிடிக்கவோ, யாரையும் கண்காணிக்கவோ மாட்டப்படவில்லை. மாடியில் இருக்கும் ஒருவர் வீணாகப் படி இறங்கி வரக் கூடாது என்பதற்காக மாட்டப்பட்டது.

மீனுக்கு ஒரு காலிங் பெல்

நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்று ஒரு நகரம். ஊருக்கு நடுவே கால்வாய்கள் ஓடுகின்றன. அதில் படகுகள் போய் வருவதற்காக ஒரு பெரிய மதகு. படகு வந்தால் திறப்பார்கள், போனதும் மூடுவார்கள்.

வசந்த காலம் தொடங்கியதும் மீன்கள் முட்டையிட இடம் தேடி இந்தக் கால்வாய் வழியாக நீந்தி வரும். ஆழம் குறைந்த, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர்தான் அவற்றின் பிரசவ வார்டு. ஆனால், அந்த மாதங்களில் படகுப் போக்குவரத்து குறைவு. மதகு திறப்பதே அபூர்வம். மீன்கள் கதவுக்கு முன்னால் கூட்டமாகக் காத்துக் கிடக்கும். ரேஷன் கடை வாசலில் நாம் நிற்போமே, அப்படி. இப்படி ஒரே இடத்தில் கும்பலாக நின்றால் யாருக்குக் கொண்டாட்டம்? நீர்க்காகங்களுக்கு. விருந்து போட்ட மாதிரி வந்து கொத்திக்கொண்டு போகும்.

இதைக் கவனித்த மார்க் வான் ஹ்யூகெலம் என்ற சூழலியலாளர் ஒரு யோசனை சொன்னார். மீனால் காலிங் பெல் அடிக்க முடியாது. நாம் அதற்காக அடித்தால் என்ன?

2021-ல் இருந்து இது நடக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கேமரா. அதன் படம் இருபத்துநான்கு மணி நேரமும் இணையத்தில் ஓடும். உலகின் எந்த மூலையில் இருந்தும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீன் தெரிந்தால் திரையில் இருக்கும் பெல் பட்டனை அழுத்த வேண்டும். உடனே ஒரு படம் பதிவாகி அங்கிருப்பவர்களுக்குப் போகும். மீன்கள் சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால், மதகைப் பார்த்துக்கொள்பவருக்குத் தகவல் போகும். அவர் கதவைத் திறப்பார். மீன்கள் தங்கள் வழியில் போகும்.

ஃபிஷ் டோர்பெல் என்று தேடினாலே கிடைக்கிறது. மார்ச் முதல் மே வரைதான் சீசன். போன சீசனில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இருபது நிமிடம் கலங்கின பச்சைத் தண்ணீர் மட்டும்தான். ஒரு இலை போனது. ஏதோ குமிழி வந்தது. எடிட்டர் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, நெட் ஸ்லோவா?" என்று கேட்டார். அவருக்கு விளக்குவதற்குள் ஒரு வால் திரையில் வந்து மறைந்துவிட்டது. பெல் அடிக்க விட்டுவிட்டேன்! அன்றைக்கு சாயங்காலம் வரை எனக்கு அந்த வால் நினைப்புதான்.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இருட்டில்தான் மீன்களின் நடமாட்டம் அதிகம் என்கிறார்கள். நமக்கு விடியற்காலை ஐந்தரை மணி என்றால், அவர்களுக்கு ராத்திரி இரண்டு மணி. உட்ரெக்ட் ஊரே தூங்கும். அந்த நேரத்தில் வாசல் தெளித்துவிட்டு முதல் காபியோடு உட்காரும் நம் வீட்டு அம்மாக்களைவிடப் பொருத்தமான காவல்காரர்கள் யார் இருக்கிறார்கள்?

லட்சக்கணக்கானவர்கள் இதைப் பார்க்கிறார்கள். ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. எத்தனை பேர் பெல் அடித்தாலும் மறுமுனையில் எழுந்து போய்க் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். அவர் இல்லாவிட்டால் இது இன்னொரு வீடியோ, அவ்வளவுதான்.

டீச்சர் கண்ணில் பட்ட பச்சை

அடுத்து வானத்துக்குப் போகலாம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள ஒரு தொலைநோக்கி, லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களைப் படம் எடுத்துக் குவித்து வைத்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது சுருள் வடிவமா, முட்டை வடிவமா என்று பிரிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களைவிட மனிதக் கண்தான் அதற்கு நம்பகமானது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கெவின் ஷாவின்ஸ்கி ஒரு வாரம் உட்கார்ந்து 50,000 படங்களைப் பார்த்து முடித்தார். மிச்சம் இருந்ததோ சுமார் ஒன்பது லட்சம்! கண் என்னத்துக்கு ஆகும்? அவரும் சக விஞ்ஞானி கிறிஸ் லின்டாட்டும் மற்ற நண்பர்களும் சேர்ந்து 2007 ஜூலையில் 'கேலக்ஸி ஸூ' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். படத்தைப் போட்டு, பொதுமக்களிடமே கேட்டுவிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

கூட்டம் கொட்டியது. ஒரே நாளில் மணிக்கு 70,000 பதில்கள் வர ஆரம்பித்தன. முதல் வருடத்தில் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து 5 கோடிக்கும் மேற்பட்ட பதில்களைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டி, பெரும்பான்மைப் பதிலை எடுத்துக்கொண்டார்கள். நிபுணர்களின் கணிப்புக்கு ஈடாக அது இருந்தது.

அப்போது நெதர்லாந்தில் ஹானி வான் ஆர்கெல் என்று ஒரு பள்ளி ஆசிரியை. 'குயீன்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயின் ரசிகை. அவர் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவரும்கூட. அவருடைய இணையப் பக்கத்தில் கேலக்ஸி ஸூ பற்றிப் படித்துவிட்டு ஹானியும் படம் பார்க்க உட்கார்ந்தார். ஒரு விண்மீன் மண்டலத்துக்குக் கீழே ஏதோ தீட்டல் மாதிரி ஒரு வெளிச்சம். சுருளும் இல்லை, முட்டையும் இல்லை. கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. ஏதோ ஒரு பதிலைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். ஹானி போகவில்லை. "இது என்ன?" என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்.

அவர்களுக்கும் தெரியவில்லை! டச்சு மொழியில் 'பொருள்' என்பதற்கு 'ஃபோர்வெர்ப்' என்று சொல்வார்கள். 'ஹானியின் ஃபோர்வெர்ப்', அதாவது 'ஹானியின் வஸ்து' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் ஹப்பிள் தொலைநோக்கியே அதைப் படம் எடுத்தது. 2011-ல் அந்தப் படம் வெளியானபோது பச்சைப் பசேலென்று ஜொலித்தது. அது ஒரு பிரமாண்டமான வாயு மேகம். பக்கத்து விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளை ஒரு காலத்தில் கக்கிய பயங்கர ஒளி பட்டு அது ஒளிர்கிறது. அந்தக் கருந்துளை இப்போது அடங்கிவிட்டது, ஆனால் மேகத்தில் பட்ட வெளிச்சம் இன்னும் தெரிகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம்.

இதே தளத்தில் சிலர் சின்னச்சின்னப் பச்சை உருண்டைகளைக் கவனித்துச் சேகரித்தார்கள். அவையும் ஒரு புதுவகை விண்மீன் மண்டலங்கள்தான் என்று தெரியவந்தது. பெயர் என்ன தெரியுமா? 'பச்சைப் பட்டாணி'!

அன்புள்ள மரத்துக்கு...

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் பத்து வருடங்களுக்கும் மேலாகக் கடும் வறட்சியைப் பார்த்தது. சாலையோர மரங்கள் வாடி நின்றன. அங்கே எல்ம் என்ற மரம் ரொம்ப விசேஷம். ஐரோப்பாவில் ஒரு பூஞ்சை நோய் வந்து எல்ம் மரங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்துவிட்டது. அந்த நோய் எட்டாத ஆஸ்திரேலியாவில்தான் வயதான எல்ம் மரங்கள் இன்னமும் வரிசையாக நிற்கின்றன.

மரங்களைக் காப்பாற்ற நினைத்த மாநகராட்சி, சுமார் 70,000 மரங்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து வரைபடத்தில் ஏற்றியது. எந்த மரம் நன்றாக இருக்கிறது, எது இன்னும் சில வருடங்களே தாங்கும் என்று வண்ணம் போட்டுக் காட்டியது. 2013-ல், ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மெயில் ஐடியும் கொடுத்தது. கிளை முறிந்து தொங்கினாலோ, பட்டுப் போகிற மாதிரி தெரிந்தாலோ, அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

மெயில் வந்தது. கிளை முறிந்த புகார் மட்டுமல்ல, காதல் கடிதமும்! தினமும் உன்னைக் கடந்துதான் போகிறேன், நீ எவ்வளவு அழகு தெரியுமா என்று எழுதினார்கள். நலம் விசாரித்தார்கள். மெல்போர்னைப் பார்த்தே இராத வெளிநாட்டுக்காரர்களும் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டது. மாநகராட்சி ஊழியர்களும் சளைத்தவர்கள் இல்லை, சில கடிதங்களுக்கு மரமே எழுதுவது போல் பதில் போட்டார்கள்.

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். நான் தினமும் பஸ் ஏறும் இடத்தில் ஒரு மரம் இருக்கிறது. அது புங்கையா, வேறு எதுவுமா? மூன்று வருடமாக அதன் நிழலில் நிற்கிறேன், என்ன மரம் என்று பார்த்ததே இல்லை. மறுநாள் நிமிர்ந்து பார்த்தேன். புங்கைதான். தண்டில் சுற்றிக் கட்டிய விளம்பர போர்டின் கம்பி, பட்டைக்குள் இறங்கியிருந்தது. அதற்கு மெயில் ஐடி கிடையாது. பக்கத்து டீக்கடை அண்ணனிடம் சொன்னேன். அவர் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து நறுக்கிவிட்டார். இரண்டு நிமிட வேலை.

கண் கடன் கொடுக்கும் ஆப்

கடைசியாக, ஒரு மொபைல் ஆப். பெயர் 'பி மை ஐஸ்'. என் கண்ணாக இரு என்று அர்த்தம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபர்க் என்பவரின் யோசனை. மரச்சாமான் செய்கிற தொழில் செய்தவர், தானே பார்வைக் குறைபாடு உள்ளவர். 2015 ஜனவரியில் இது வெளியானது. இலவசம்தான்.

பார்வையற்ற ஒருவர் பட்டனை அழுத்தினால், பதிவு செய்துவைத்திருக்கும் தன்னார்வலர்கள் சிலருக்கு ஒரே நேரத்தில் போன் அடிக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு வீடியோ இணைப்பு கிடைக்கும். அவர் போன் கேமராவைக் காட்டுவார், இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பால் பாக்கெட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது? இந்தச் சட்டை நீலமா, கறுப்பா? இந்த டப்பாவில் இருப்பது உப்பா, சர்க்கரையா? இவ்வளவுதான் கேள்விகள். நமக்கு அரை நிமிடம். கேட்பவருக்கு அன்றைய சமையல்.

இதில் வினோதம் என்னவென்றால், உதவி கேட்பவர்களைவிட உதவக் காத்திருப்பவர்கள் பல மடங்கு அதிகம். பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நானும் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு முறை அடித்தது. பையிலிருந்து போனை எடுப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். 2023-ல் இருந்து ஏ.ஐ-யும் இதே ஆப்பில் படத்தைப் பார்த்து விவரம் சொல்கிறது. மனிதர்களைக் கூப்பிடும் பட்டனும் அப்படியே இருக்கிறது.

நான் ஏன் இதில் சேர்ந்தேன்? இதோ, அந்த வாக்குமூலம்.

அப்புச்சியும் இரண்டு அட்டைகளும்

போன வருடம் பொங்கல் லீவு. ஈரோடு பக்கம் அப்புச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அப்புச்சிக்கு வயது 78. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏங்கண்ணு, இதுல ராத்திரிக்குப் போடற பிரஷர் மாத்திரை எதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

நான் போனில் இருந்தேன். என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், இதே பகுதிக்காக, பியானோ வாசிக்கும் பூனை ஒன்றை. தலையை முழுசாக நிமிர்த்தாமல், "இடது கையில இருக்கறதுதான் அப்புச்சி" என்றேன்.

அது சர்க்கரை மாத்திரை. அதை அவர் சாப்பாட்டுக்கு முன்பே போட்டிருந்தார்.

நடு ராத்திரியில் அம்மிச்சி சத்தம் போட்டு எழுப்பினார். அப்புச்சிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் நடுக்கம். கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை. அம்மிச்சிதான் பதறாமல் சர்க்கரையைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். மாமா கார் எடுத்தார். ஆஸ்பத்திரியில் விடியும் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். "சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா சிரமம்" என்றார் டாக்டர். மாத்திரை எப்படி மாறியது என்று அவர் கேட்டபோது, நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்புச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நாந்தானுங்க... கண்ணு சரியா தெரியல, மாத்திப் போட்டுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னார். மாமா அவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். அம்மா போனில் அழுதார். நான் வாய் திறக்கவில்லை. இத்தனை மாதமாகத் திறக்கவில்லை. இப்போது இதைப் படிக்கும் அம்மாவுக்கு: அன்றைக்கு மாத்தியது அப்புச்சி இல்லை. அவர் கேட்டார், நான் பார்க்காமலே சொல்லிவிட்டேன். சாயங்காலம் போன் பண்ணுகிறேன், திட்டுங்கள்.

யாரோ ஒரு டச்சு மீனுக்காக இருபது நிமிடம் கண் கொட்டாமல் உட்கார்ந்த எனக்கு, பக்கத்தில் நின்ற அப்புச்சிக்காக ஐந்து நொடி தலை நிமிர முடியவில்லை. அதை யோசித்துத்தான் இந்த ஐந்தையும் வரிசையாக எழுதினேன்.

அப்புச்சியின் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது சின்ன எழுத்துகூட ஓரளவு தெரிகிறது என்கிறார். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் வீடியோ கால் வரும். அந்த வாரத்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடும் நேரம். அட்டையைக் கேமராவுக்கு ரொம்பக் கிட்டே பிடிப்பார், வெறும் வெள்ளியாகத் தெரியும். "கொஞ்சம் பின்னாடி கொண்டு போங்க அப்புச்சி... வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க... ஆங், அப்படியே" என்பேன். பேரைப் படித்து, தேதியைப் படித்து, காலையா ராத்திரியா என்று சொல்லி முடிக்க எப்படியும் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். போன வாரம் நடுவில் அந்த ஆப்பில் இருந்து அழைப்பு வந்தது, மூன்றாவது முறையாக. எடுக்கவில்லை. வேறு யாராவது எடுத்திருப்பார்கள்.

சரி, உங்கள் கண்ணில் பட்ட இணைய விநோதம் எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை நிஜம்தானா என்று பார்த்துவிடுங்கள். நானும் பார்த்துவிட்டே போடுகிறேன். அடுத்த வாரம் சந்திப்போம்!